வேனுக்கு அக்கினி மூலை எது?

மாரீஸ்வரி திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடக்கும்போது கால் எங்கே படுகிறது என்று பார்க்கவே மாட்டாள். கண்ணெல்லாம் மேலே கொடியில்தான். எந்தக் கிளையில் எத்தனை கண் விட்டு வெட்டினால் குலை பிடிக்கும், எது வெறும் தழையாகப் போகும், எதை அடியோடு கழித்துவிட வேண்டும் என்று அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவள் கையை நீட்டிய இடத்தில் கத்தரி விழும். ஓடைப்பட்டியில் இப்படிக் கொடி கழிக்கிற கவாத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனாலும் "மாரீஸ்வரி செட்டு வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெரிய தோட்டக்காரர்கள் நாள் குறிப்பார்கள். செட்டில் எல்லாரும் பெண்கள். அவர்களுக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது.

அப்படிப்பட்டவளைச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன.

வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்துவிட்டார்கள். பையிலிருக்கும் மருந்துநீரை அந்தக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் உள்ளேயே இருந்து அது கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதுப் பை. நாளைக்கு நாலு தடவை இந்த வேலை. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கதவை அடைத்து, காற்றாடியை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தூசி அண்டாமல் அரை மணி நேரம் உட்கார ஓர் இடம் இருந்தால் போதும். காலை, மாலை, இரவுப் பைகள் வீட்டிலேயே முடிந்துவிடும். நடுப்பகல் பைதான் அவளைக் கட்டிப்போட்டது. உச்சி வெயிலில் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஓடி, பை மாற்றித் திரும்புவதற்குள் செட்டு பாதிப் பந்தலைத் தன் இஷ்டத்துக்கு வெட்டிப் போட்டிருக்கும்.

ஒருநாள் அவசரத்துக்குத் தோட்டத்து மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்து மாற்றினாள். கூட்டித் துடைத்து, புதுத் துண்டு விரித்து, எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தாள். இரண்டே நாளில் வடிந்த நீர் அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளைத் தேனியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்து எழுந்த அன்று நர்ஸ் எப்சிபா கட்டிலருகே வந்து நின்றாள். குழாய் வைத்த நாள் முதல் மாரீஸ்வரிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"அக்கா, இன்னொரு தடவ இப்படி வந்தீகன்னா டாக்டர் குழாய எடுத்துருவாக. அப்புறம் வாரத்துல மூணு நாளு இங்கன வந்து மெஷின்ல படுக்கணும். மோட்டார் ரூமு, மாட்டுக் கொட்டகை எல்லாம் மறந்துருங்க."

வாரத்தில் மூன்று நாள் தேனியில் படுத்துவிட்டால் செட்டு யாரிடம் இருக்கும்? மாரீஸ்வரிக்குக் குழாய் போவதைவிட அந்த நினைப்பே அதிகமாக வலித்தது.

கார்த்திகை பாதியில் தோட்டக்காரர் அழகர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார். "ஏத்தா, மார்கழி பொறந்ததும் கவாத்துக்குக் கத்தி வைக்கணும். நீ வருவியா? இல்லேன்னா மொகத்துக்கு நேரா சொல்லிரு. பொன்னாத்தாகிட்டப் பேசிக்கிறேன்."

பொன்னாத்தாள் அவள் செட்டு ஆள்தான். கெட்டவள் இல்லை. கை வேகம். ஆனால் அண்ணாந்து பார்க்கச் சோம்பல். கைக்கு எட்டியதை எல்லாம் ஒரே அளவில் வெட்டித் தள்ளிவிடுவாள்.

"வருவேண்ணே."

"மத்தியானம் ஓடிப்போயிர மாட்டியே?"

"மத்தியானமும் அங்கனதான் இருப்பேன்."

சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. அழகர் தெருமுனை திரும்பியதும் வாசலில் நின்ற வேன் கண்ணில் பட்டது. அவள் புருஷன் வேல்பாண்டி கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் அது. கம்பம்மெட்டு ஏறி இறங்கியே கிழண்டு போனது. மலையில் ஜீப்புகள் பெருகியதில் இப்போது அதற்குப் பாதி நாள் ஓட்டமில்லை.

அன்று சோறு போடும்போதே பேச்சை எடுத்தாள். "இந்தாங்க, வேனுல பின்னாடி சீட்ட எல்லாம் கழட்டணும்."

"ஆளெல்லாம் எங்கன உக்காரும், என் தலையிலயா?"

"இனி வேனு மேல ஏறாது. கீழதான் ஓடும். முன்னாடி என் செட்டு உக்காரும். பின்னாடி ஒரு ரூமு. நான் அதுல பை மாத்திக்கிருவேன்."

வேல்பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மலைக்குப் போய்ப் போய் அவன் பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. "நடக்குமா?" என்றான். அவள் குழம்பை ஊற்றினாள். "மதி, மதி," என்று மலையாளத்தில் போதும் சொல்லிக் கையால் தட்டை மறைத்தான். குழம்புக்குச் சொன்னானா பேச்சுக்குச் சொன்னானா தெரியவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது பின்சீட்டுகள் நான்கும் வாசலில் கிடந்தன.

சின்னமனூரில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒச்சாண்டி மாரீஸ்வரிக்குப் பெரியப்பா மகன். வெல்டிங், வயரிங், தச்சு எல்லாம் அவன் பட்டறையிலேயே நடக்கும். சாக்பீஸை எடுத்துத் தரையில் வேனை வரைந்தான்.

"சொல்லு ஆத்தா, என்னென்ன வேணும்?"

எப்சிபா சொன்னதை எல்லாம் மாரீஸ்வரி மனப்பாடமாக ஒப்பித்தாள். தடுப்பும் கதவும் வேண்டும். பை தொங்க மேலே கொக்கி வேண்டும். கையால் தொடாமல் காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற குழாய் வேண்டும். பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர மின்சார விரிப்பு ஒன்றும், நல்ல வெளிச்சமும், இதற்கெல்லாம் கரண்டும் வேண்டும். வடிகிற நீருக்கு மூடி போட்ட கேன் வேண்டும். செட்டுக்கு டீ போட ஒரு கேஸ் அடுப்பும் சேர்த்துச் சொன்னாள்.

"கரண்டுக்குக் கூரை மேல சோலார் பலகை போட்டுருவோம். உங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சும்மாதான கெடக்கு, அதையே கொண்டாங்க. எது எது எங்கன வரணும்?"

"அடுப்பும் பேட்டரியும் அக்கினி மூலையில. தண்ணி டேங்க் ஈசானி மூலையில."

ஒச்சாண்டி சாக்பீஸைக் கீழே வைத்தான். "யாருக்கு அக்கினி மூலை, வேனுக்கா?"

"ஆமா."

"ஏத்தா, வீடு நின்ன எடத்துல நிக்கும். வேனு திரும்புமே. சின்னமனூர் வந்தா ஒரு மூலை, எரசக்கநாயக்கனூர் போனா ஒரு மூலை. மூலையும் கூடவே சுத்துறதுக்குத் தனியா ஒரு மோட்டார் வச்சுத் தரட்டா?"

பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரி சிரிக்கவில்லை.

அவள் படுத்துக் கிடந்தபோது வடுகபட்டியிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி இருக்க வேண்டிய மூலையில அடுப்ப வச்சிருக்கீக. அப்புறம் ஒடம்புல தண்ணி எப்படிப் போகும்?" ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். சொன்னது போகவில்லை. அதில் அவளுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் இனி கட்டுகிற ஒரே ரூமில் அந்தத் தப்பு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

"வீட்டு வாசல்ல மேக்கப் பாத்துத்தான் வேனு நிக்கும். அத வச்சு மூலையக் கணக்குப் பண்ணுண்ணே."

மேற்கே பார்த்து நின்றால் பின்பக்கத்து இடது மூலை தென்கிழக்கு, அக்கினி; வலது மூலை வடகிழக்கு, ஈசானி. ஒச்சாண்டி தலையைச் சொறிந்தான். "பாரமெல்லாம் வாலுக்குப் போகுதே மாப்ள," என்று கூட வந்திருந்த வேல்பாண்டியைப் பார்த்தான்.

"அவ சொன்னபடியே செஞ்சிரு மச்சான். மனசு நிம்மதியா இருந்தாத்தான் பாதி வைத்தியம்," என்றான் வேல்பாண்டி.

வேன் தயாரானதும் எப்சிபா ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறி வந்தாள். அவள் பார்த்துச் சரியென்று சொல்லாமல் மாரீஸ்வரி ஒரு பையைக்கூட உள்ளே தொங்கவிடப் போவதில்லை என்பது முன்பே பேசி வைத்தது. முன்சீட்டில் வேல்பாண்டிக்குப் பக்கத்தில் எப்சிபா, பின்னால் மாரீஸ்வரி, ஒச்சாண்டி. அழகர் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஐப்பசி மழை அதில் உருண்டைக் கற்களைப் பரப்பிவிட்டுப் போயிருந்தது.

இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. எதிர்க்கரை ஏறும்போது வேல்பாண்டி ஸ்டீயரிங்கை ஒடித்தான். வேன் திரும்பவில்லை. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது. தண்ணீர் டேங்கும் சிலிண்டரும் பேட்டரியும் பின்னால் கிடந்து இழுக்க, வண்டி பக்கவாட்டில் வழுக்கி ஒரு கருவேலஞ்செடியில் முட்டிச் சாய்ந்து நின்றது. பின்ரூமிலிருந்து டமாரென்று ஒரு சத்தம். அடுத்து மூக்கைக் குத்துகிற நெடி.

"ஆசிட்டு! கதவத் தெறங்க!" என்று கத்தினான் ஒச்சாண்டி. வேல்பாண்டி இறங்கி ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து சிலிண்டரை மூடினான். வீட்டில் அசையாமல் நின்று பழகிய பேட்டரி கவிழ்ந்து, தரையில் போட்ட புது விரிப்பெல்லாம் ஆசிட் ஓடியிருந்தது. கேஸ் டியூபுக்கு ஒரு சாண் தள்ளிதான் பேட்டரியின் கம்பி கிடந்தது. ஒரு பொறி போதும்.

வேனைத் தள்ளி நேராக நிறுத்திக் கதவுகளைத் திறந்து போட்டார்கள். நெடி அடங்கித் தரையையும் கழுவிய பிறகு எப்சிபா பின்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பை மாற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காற்றாடி போடாமல் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தாள். உச்சி வெயில். நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அக்கா, இந்த வேர்வை குழாய் வாயில விழுந்தா போதும், மறுபடி கலங்கல்தான். தகரம் அடுப்பு மாதிரி காயுது. அதுக்குள்ள கேஸு, ஆசிட்டு, நீங்க, மூணும் ஒரே பெட்டியில. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"வேற எடத்துல நிப்பாட்டினா?"

"எங்கன நிப்பாட்டினாலும் இதுக்குச் சரி சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது வேல்பாண்டி மெதுவாக ஓட்டினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னான். "மதி மாரீசு. வீட்டுல இரு. செட்ட பொன்னாத்தா பாத்துக்கிறட்டும். எனக்கு நீ இருந்தாப் போதும்."

அதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அன்பாகச் சொன்னதால் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் அழகர் தோட்டத்துக்கு நடந்தே போனாள். வரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினாள். அழகர் அங்கே இல்லை. பந்தல் ஓரத்தில் அதைத் தாங்குகிற கல்லுக்கால் ஒன்று சாய்ந்து நின்றது. போன பருவத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பொன்னாத்தாள் வெட்டிய வரிசை. ஓரத்துக் கொடியில் அளவுக்கு மீறிக் கண் விட்டு, நடுவில் ஒட்ட வெட்டியிருக்கிறாள். குலையெல்லாம் ஓரத்தில் தொங்கிக் கம்பியை இழுக்க, கால் சாய்ந்துவிட்டது. "கூறுகெட்டவ," என்று மாரீஸ்வரி வாய்விட்டே திட்டினாள். "பாரத்த ஓரத்துல கட்டுவாகளா? நடுவுல கொண்டாந்து காலுக்குக் காலு பங்கு போட வேணாமா?"

திட்டிய வாய் அப்படியே நின்றது. கல்லுக்காலைப் பார்த்தாள். ஒச்சாண்டி "பாரமெல்லாம் வாலுக்குப் போகுதே" என்றது காதில் வந்து நின்றது. பொன்னாத்தாளைத் திட்டின வார்த்தை அத்தனையும் தனக்குத்தான் என்று தெரிந்தது. அழகர் வரும்வரை காத்திருக்கவில்லை. அங்கிருந்து நேராகச் சின்னமனூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

"எல்லாத்தையும் பிரிண்ணே," என்றாள் பட்டறை வாசலில் நின்று. "தண்ணி டேங்க் வண்டிக்கு நட்டநடுவுல, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எடையில, தரையோட தரையா. பேட்டரி டிரைவருக்குப் பின்னாடி சீட்டுக்கு அடியில. கேஸு வேணாம். டீ ஃபிளாஸ்க்குல கொண்டுட்டுப் போயிக்கிறோம்."

"அப்ப அக்கினி மூலை?"

"நீ பிரி மொதல்ல."

இந்தத் தடவை ஆசிட் பேட்டரியே வேண்டாம் என்று லித்தியம் பேட்டரி வந்தது. சாய்ந்தாலும் குலுங்கினாலும் அதில் சிந்த ஒன்றுமில்லை. வேன் ஓடும்போது எஞ்சினிலிருந்தே அதற்குச் சார்ஜ் ஏறும்படி ஒச்சாண்டி கம்பி இழுத்தான். ஒவ்வொரு கம்பிக்கும் ஃபியூஸ் போட்டான். தண்ணீருக்கு, தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கிற பம்பின் மோட்டாரை, மருந்தே படாத புதுசாக வாங்கி மாட்டி, காலால் மிதிக்கிற சுவிட்ச் வைத்தான்.

வெயிலோடுதான் பெரிய மல்லுக்கட்டாக இருந்தது. மரத்தடியில் நிறுத்தினால் சோலாருக்கு வெயில் கிடைக்காது. வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்க முடியாது. பந்தல் நிழலையும் நம்ப முடியாது. கவாத்து முடிந்த பந்தலில் ஓர் இலைகூட மிஞ்சாது.

"பந்தல் போடு," என்றாள் மாரீஸ்வரி.

"எங்கன?"

"வேன் மேல. சோலார் பலகைய கூரையோட ஒட்டாம, நாலு காலு வச்சுத் தூக்கு. நடுவுல காத்து போகட்டும். பலகையே நெழலாகட்டும்."

ஒச்சாண்டி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கூரையின் உள்பக்கம் சூடு இறங்காத நுரைப் பலகை ஒட்டி, மேலே வழுவழுப்பான வெள்ளைத் தகடு அடித்தான். தூசி தங்க ஓர் இடுக்குக்கூட விடவில்லை.

எப்சிபா மறுபடி வந்தாள். வேன் ஓடையைத் தாண்டியது. கல்லில் குலுங்கியது, ஆனால் ஸ்டீயரிங் கையோடு திரும்பியது. வேல்பாண்டி எதிர்க்கரையில் ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்தான். அதே உச்சிப் பொழுதில் எப்சிபா அதே மாதிரி உள்ளே கதவடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்து நெற்றியைத் தடவிப் பார்த்தாள். "வேர்க்குது. ஆனா சொட்டல." மறுபடி உள்ளே எட்டி, பை வைக்கிற அலமாரியின் மேல் விரலை ஓட்டினாள். தூசி இல்லை. "உள்பக்கம் தாழ்ப்பா வேணும். பை மாட்டியிருக்கும்போது எவளாவது டீ கேட்டுக் கதவத் தெறந்துரப் போறா." பிறகு பின்மூலையில் தனியாக ஒரு சிறு தட்டில் இருந்த மின்விரிப்பைக் காட்டினாள். "இது ஏன் இம்புட்டுத் தள்ளி?"

"அது அக்கினி மூலை சிஸ்டர்," என்றான் ஒச்சாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வண்டி இப்ப வடக்கப் பாத்துல்ல நிக்குது?"

"வாசல்ல நிக்கும்போது அது அக்கினி மூலை," என்றாள் மாரீஸ்வரி. "இங்கன வந்தா பை சுட வைக்கிற மூலை. கனமில்லாத தீயி, அங்கனயே இருந்துட்டுப் போகட்டும்."

எப்சிபா சிரித்துவிட்டாள். "சரி. ஆனா தெனமும் வடியிற தண்ணியப் பாக்கணும். லேசாக் கலங்கினாலும் அன்னைக்கே போனு பண்ணணும். பெறகு பாத்துக்கலாம்னு இருந்தீக, நானே வந்து வேன மறுபடி ஆள் ஏத்த அனுப்பிருவேன்."

மார்கழி பிறந்தது. செட்டுப் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். ஏறும்போதே பொன்னாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏடி, பாருங்கடி, நம்ம மாரீசக்காவுக்கு ரூமு, பைப்பு, லைட்டு! மகாராணி ஊர்கோலம் போறாக. எங்களுக்கு ஒரு டிவி வச்சா என்னக்கா?"

"நீ இருக்கும்போது டிவி எதுக்கு? நீ பேசாம இருந்தாலே எல்லாருக்கும் தூக்கம் வந்துரும்."

வேன் குலுங்கச் சிரித்தார்கள். தோட்டத்து வாசலில் வேல்பாண்டி கண்ணாடி வழியாகக் கேட்டான். "எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டட்டும்?"

"கதவுல வெயில் விழாம நிப்பாட்டுங்க. எந்தத் தெசையா இருந்தா என்ன?"

காலை வேலை சுறுசுறுப்பாகப் போனது. நடுப்பகலில் அவள் கத்தரியைப் பொன்னாத்தாளிடம் கொடுத்துவிட்டு வேனுக்குள் ஏறித் தாழ்ப்பாளைப் போட்டாள். முகக்கவசம் போட்டாள். காலால் மிதித்துக் கை கழுவினாள், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் நிதானமாக. இளஞ்சூட்டில் இருந்த பையைக் கொக்கியில் மாட்டினாள். முதலில் பழைய நீர் வடிய வேண்டும். வடிகிற பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பேச்சுச் சத்தம், கத்தரிகளின் கடகட. உள்ளே குழாயில் நீர் இறங்குகிற மெல்லிய ஓட்டம் மட்டும். பை நிறைந்ததும் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் வைத்த விரலின் ரேகை தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

மோட்டார் ரூமுக்குப் பிறகு அவள் முழுசாக விட்ட முதல் மூச்சு அது.

புதுப் பை இறங்கி முடிந்து, குழாய் மூடியைத் திருகி, வடிந்த நீரைக் கேனில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்து இறங்கினாள். வேல்பாண்டி வேனில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் முகத்தையே பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாரீஸ்வரி பந்தலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாள். நாலு கொடி தள்ளிப் போனாள். நின்றாள்.

"ஏய் பொன்னாத்தா! யாருடி இந்த ஓரக்கொடியில இம்புட்டுக் கண்ணு விட்டது?"

பந்தலின் மறுகோடியில் கத்தரிச் சத்தம் சட்டென்று நின்றது. "அதுக்குள்ள வந்துட்டாகடி!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.